இரண்டு கிலோமீட்டர் காணவில்லை

திங்கட்கிழமை காலை 9.17.

காணாமல் போனது இரண்டு கிலோமீட்டர். காணாமல் போன இடம், பக்கத்துக் கோளின் தரைக்கு மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில். சாட்சிகள் நூற்றுச் சொச்சம் பேர். முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்திருந்த அமைச்சரும் அதில் அடக்கம்.

விண்வெளி நிறுவனத்தின் அரங்கத்தில் அன்று விழா. அந்தக் கோளைச் சுற்றிவரும் விண்கலம், குறித்த நொடியில் ஒரு பெரும்பள்ளத்துக்கு நேர்மேலே வந்து படம் எடுக்கும். அமைச்சர் பொத்தானை அமுக்குவார். படம் திரையில் விரியும். பொத்தான் எதனோடும் இணைக்கப்படவில்லை. ஆனாலும் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

நிறுவனத் தலைவர் நாற்பது நிமிடம் பேசி முடித்து, கையைத் திரைப் பக்கம் வீசி, "இதோ!" என்றார்.

திரையில் மணல் வந்தது. தரமான, தெளிவான, ஒரு கல்கூட இல்லாத மணல்.

அமைச்சர் கைதட்டினார். அமைச்சரே தட்டிவிட்டதால் மற்றவர்களும் தட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் அமைச்சர் பக்கத்து ஆளிடம், "பள்ளம் எங்கய்யா?" என்று கேட்டது மைக்கில் விழுந்து அரங்கம் முழுவதும் கேட்டது.

பள்ளம் இரண்டு கிலோமீட்டர் பின்னால் இருந்தது. விண்கலம் குறித்த நேரத்துக்கு அரை நொடிக்கும் கொஞ்சம் அதிகமாக முன்கூட்டியே அங்கே வந்து, தாண்டிப் போய்விட்டது. ஒரு தும்மல் நேரம்.

அந்த நிறுவனத்தில் எதையாவது கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆகும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. பத்து மணிக்குள் தலைவர் காவல்துறைக்குப் போன் செய்துவிட்டார்.

காலை 10.40.

கணினிக் குற்றப் பிரிவு அதிகாரி கால் முறிந்து விடுப்பில் இருந்தார். ஆகவே வீடு புகுந்து திருடும் கேஸ்களைப் பார்க்கும் பெண் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஜன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்து அளந்து பழகியவர். கைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும்.

தலைவர் சும்மாதான் இருந்தார். இருந்தாலும் இன்ஸ்பெக்டர் இருபது நிமிடம் வரவேற்பறையில் காத்திருக்க வைக்கப்பட்டார். எதிரே சுவரில் தங்க நிறத்தில் ஒரு சதுரப் பலகை. முதல் வரியில் தலைவரின் பெயர். அதற்குக் கீழே பதினோரு வரிகளில் பட்டங்கள், பதக்கங்கள், அவர் உறுப்பினராக இருக்கும் சங்கங்கள். இன்ஸ்பெக்டர் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தார். விரலில் தங்கம் ஒட்டிக்கொண்டது.

"தொடாதீங்க மேடம், பெயின்ட் வரும்" என்றாள் தலைவரின் செயலர்.

"வந்துடுச்சு." இன்ஸ்பெக்டர் நகத்தால் தட்டினார். மொத்தென்றது. "பிளாஸ்டர். ஆனா பித்தளை போல்ட் போட்டு மாட்டியிருக்கீங்க?"

"போல்ட்டு பழசு மேடம். முன்னாடி அலுமினியத் தகடு இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி பாலிஷ் போட எடுத்துட்டுப் போனாங்க. அதுக்குப் பதிலா இதை மாட்டினாங்க."

"பாலிஷ் முடியலையா இன்னும்?"

"ஸ்டோர்ல இருக்கும்."

'இருக்கும்' என்பது இன்ஸ்பெக்டருக்கு நன்றாகப் பழகிய பதில். நகை எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர் வந்தது தகட்டைத் தேட அல்ல. உள்ளே கூப்பிட்டார்கள், போனார்.

தலைவரின் மேசைமேல் இரண்டு உரைகள் தயாராக இருந்தன. மாலை நான்கு மணிக்குப் பத்திரிகையாளர் கூட்டம்.

"இடது பக்கம் இருப்பது, இயற்கையில் இதுவரை அறியப்படாத ஒரு புதிய விசையை இந்த நிறுவனம் கண்டுபிடித்திருப்பது பற்றி" என்றார் தலைவர். தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'இந்த நிறுவனம்' என்பார். "வலது பக்கம் இருப்பது, கணக்கைக் கெடுத்த ஊழியர்மேல் நடவடிக்கை எடுத்தது பற்றி."

"எதைப் படிக்கப் போறீங்க சார்?"

"உங்கள் விசாரணை முடிவைப் பொறுத்தது. நமக்கு உண்மைதான் முக்கியம்."

அதாவது விசை புதியது என்றால் கண்டுபிடித்தவர் அவர். தவறு என்றால் செய்தவள் அவள். இன்ஸ்பெக்டர் புரிந்துகொண்டார்.

காலை 11.15.

'அவள்' மூன்றாம் மாடியில் ஒரு மூலை அறையில் இருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சில்லறை என்பார்கள். விண்கலத்தைக் கோள் இழுக்கும் ஈர்ப்பு பெரிய விஷயம். அதைக் கணக்கிட ஒரு தனிப் பிரிவே உண்டு. மீதி உள்ளவை சில்லறை விசைகள். வெயில் படும்போது கலத்துக்கு விழும் தள்ளு, மேல்காற்றின் உரசல், குட்டி ராக்கெட்டுகள் இருமும்போது வரும் உதறல். இவை எல்லாவற்றுக்கும் கணக்கு மாதிரி எழுதிச் சேர்ப்பது அவள் வேலை. சூரிய ஒளி மொத்த விண்கலத்தையும் தள்ளுவது ஒரு கொசு உட்கார்ந்த கனம்தான். அந்தக் கொசுவோடு அவள் பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

"சஸ்பெண்ட் ஆர்டர் ரெடி ஆயிடுச்சாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா மேடம். நாலு மணிக்குக் கையெழுத்து. டைப் அடிச்சவங்களே வந்து என் பேரு சரியா இருக்கான்னு காட்டிட்டுப் போனாங்க. நல்ல மனசு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கணக்கைக் கெடுத்தான்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அப்புறம் எந்தக் கலத்தையும் என்கிட்ட குடுக்க மாட்டாங்க. எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

"ஞாயித்துக்கிழமை ஆளில்லாத நேரத்துல வந்து ஒரு எண்ணை மாத்தியிருக்கீங்க."

"மாத்தினேன். சோதனைக் கணக்குல. பத்துப் பன்னெண்டு நாளாவே கலம் கணக்கை மீறி முன்னாடி ஓடுது. மொதல்ல நூறு மீட்டர் சொச்சம், அப்புறம் ஐநூறு. ஏன்னு தெரியல. வெயிலோட தள்ளை ஏத்திப் பார்த்தேன், சரியாகுதான்னு. ஆகலை."

"தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"எட்டு நாள் முன்னாடியே சொன்னேன். புதுசாக் கணக்குப் போட்டு கேமரா நேரத்தை மாத்தலாம்னேன். அழைப்பிதழ் அச்சாயிடுச்சுன்னார். அதுல நிமிஷம் நொடியோட போட்டிருக்காம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. சீக்கிரம் வந்துடுச்சு. அப்ப யாரோ பின்னாடி இருந்து தள்ளியிருக்காங்க."

"முன்னாடி இருந்து மேடம். பிரேக் போட்டிருக்காங்க."

"பிரேக் போட்டா லேட்டாத்தானே வரணும்?"

"ரோட்டுல அப்படி. சுத்துப் பாதையில பிரேக் போட்டா கலம் கொஞ்சம் கீழ இறங்கும். கீழ வந்தா சுத்தும் சின்னது, வேகமும் ஜாஸ்தி. சீக்கிரம் வந்துடும்."

"கீழ இறக்கினா வேகம் கூடுதா! எங்க டிபார்ட்மென்ட்ல கீழ இறக்கினா ஆள் சாயங்காலம் வரைக்கும் டீக்கடையிலதான் இருப்பாரு." இன்ஸ்பெக்டர் மேசையில் விரலால் தட்டினார். "யார் யார் பிரேக் போட முடியும்? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"குட்டி ராக்கெட். யாரும் சுடலை, எரிபொருள் அழுத்தம் அப்படியே இருக்கு. கசிவு இருந்தாலும் அழுத்தம் குறைஞ்சிருக்கும். மேல்காற்று. அது கலம் தாழ்வா வர்ற இடத்துல உரசும், பகல் ராத்திரி பார்க்காது."

"நம்ம ஆள் பார்க்கிறானா?"

"பார்க்கிறான் மேடம்." அவள் குரலில் முதன்முறையாக உயிர் வந்தது. "கலம் கோளோட நிழலுக்குள்ள போனா தள்ளு நின்னுடுது. வெயிலுக்கு வந்தா மறுபடி. அதுவும் சுத்துல பாதி மட்டும், சூரியனை நோக்கிப் போற பாதி. திரும்பி வர்ற பாதியில ஒண்ணுமில்ல."

"பகல்ல மட்டும், போற வழியில மட்டும் வேலை செய்யற திருடன். எப்பத்தில இருந்து?"

"பதினாறு நாளா. கேமராவுக்கு வசதியா இருக்கட்டும்னு கலத்தைக் கால் சுத்து திருப்பினோம். அன்னையில இருந்து."

"திருப்பினதுல என்ன மாறிச்சு?"

"ஒரு பக்கச் சுவர் அதுவரைக்கும் வெயிலே பார்த்ததில்ல, எப்பவும் இருட்டு. இப்ப அதுதான் முகப்பு, முன்னாடி போகுது. ஆனா அதையும் கணக்குல சேர்த்திருக்கேன். வரைபடத்துல அங்க கறுப்புத் துணிதான் போர்த்தியிருக்கு."

"தள்ளு எவ்வளவு பலம்?"

"ஒரு கொசுவைப் பதினஞ்சு துண்டாப் போட்டா, அதுல ஒரு துண்டு."

"இதுக்கா நான் ஜீப்புல சைரன் போட்டுட்டு வந்தேன்?" எழுந்த இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். "உங்க வீட்டுக்காரரும் இங்கதான்னு சொன்னாங்க."

"ஆமா. சூடு."

"கோபக்காரரா?"

"வெப்பப் பிரிவு மேடம். கலத்துல எது எவ்வளவு சுடுதுன்னு பார்க்கிறவர்."

"அவர்கிட்ட இதையெல்லாம் சொன்னீங்களா?"

"வீட்டுல ஆபீஸ் பேச்சு கிடையாது. எங்க மாமியார் போட்ட சட்டம். கல்யாணமான புதுசுல ஒரு பெயின்ட் எவ்வளவு வெப்பத்தை வெளிய விடும்னு ரெண்டு பேரும் சண்டை போட்டதுல, அவங்க சமைச்சது எல்லாம் ஆறிப்போச்சு. அதுலேர்ந்து வீட்டு வாசல்ல செருப்போட விண்கலத்தையும் விட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

பகல் 12.05.

சூடு என்பவர் பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு ஆணை தயாராவது அவருக்கும் தெரியும். அவர் தலைக்குமேல் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று புத்தம் புதிதாகத் தொங்கியது.

"இது எப்ப குடுத்தாங்க?"

"போன வாரம் மேடம். தலைவர் கையால. கலத்தைத் திருப்பினா முகப்புச் சுவர் வெயில்ல காயும்னு பயந்தோம். ஆனா நான் போட்ட கணக்கைவிட ஒன்பது டிகிரி குளிர்ச்சியா இருக்கு."

"ஏன் குளிர்ச்சியா இருக்கு?"

அவர் யோசித்தார். இன்னும் யோசித்தார்.

"சூடா இருந்திருந்தா ஏன்னு கேட்டிருப்போம் மேடம். குளிர்ச்சியா இருந்ததால சான்றிதழ் குடுத்துட்டாங்க."

"உங்க மனைவிக்குத் தெரியுமா இது?"

"சான்றிதழ் வாங்கினது தெரியும். எதுக்குன்னு கேக்கல. கேக்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "நாலு நாளா அவ சரியாச் சாப்பிடலை. என்னம்மான்னு கேட்டேன். ஆபீஸ்னு சொன்னா. அதோட விட்டுட்டேன்."

பகல் 12.50.

விண்கலத்தின் பாகங்களைப் பூட்டிச் சேர்த்த கூடம் பின்கட்டில் இருந்தது. அதன் மேற்பார்வையாளரைத் திருகாணி என்று கூப்பிடுவார்கள். தலைவருடைய மனைவியின் தம்பி. நல்ல தொழிலாளி, கெட்ட பொய்யர்.

"முகப்புச் சுவர்ல என்ன இருக்கு?"

"கறுப்புத் துணி மேடம்." கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"கலத்தை எடை போட்டீங்களா?"

"ரெண்டு தடவை. வரைபடம் சீல் வெச்சதும் ஒரு தடவை, அனுப்பறதுக்கு மொத நாள் ஒரு தடவை."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"ரெண்டாவது தடவை ரெண்டு கிலோ கூட."

"எதனால?"

"பசை... கம்பி... இதர."

"ரெண்டு கிலோ பசையா? எதை ஒட்டினீங்க, கப்பலையா?"

"இல்ல மேடம், மாமா சொன்னபடி..." கூரையில் பார்க்க வேறு இடம் தேடினார். "சார் சொன்னபடி எல்லாம் விதிப்படிதான் நடந்துச்சு."

இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. திருட்டு நடந்த வீட்டில் எது குறைகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். இங்கே எதுவும் குறையவில்லை. இரண்டு கிலோ கூடியிருந்தது. பாதி நாளாகத் தவறான திசையில் தேடியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

பிற்பகல் 1.30.

கேன்டீனில் சில்லறை ஒரு மேசையில் இருந்தாள். சூடு நான்கு மேசை தள்ளி. அலுவலகத்தில் சேர்ந்து சாப்பிட்டால் அலுவலகத்தைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்ற முன்னெச்சரிக்கை. இன்ஸ்பெக்டர் கணவரின் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மனைவியின் தட்டுக்கு எதிரே வைத்தார். தட்டின் பின்னால் அவரும் வந்தார்.

"என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

"முகப்புச் சுவர் ஒன்பது டிகிரி கம்மியா இருக்கு" என்றார் சூடு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல.

அவள் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"எந்தச் சுவர்?"

"முகப்பு."

"எப்பத்தில இருந்து?"

"திருப்பின நாள்ல இருந்து."

"அடப்பாவி மனுஷா! பதினாறு நாளா பக்கத்துல படுத்துக்கிட்டு இதை வயித்துக்குள்ளயா வெச்சிருந்தீங்க?"

"நீ கேக்கலையே."

"கேட்டா உங்கம்மா தட்டைப் பிடுங்குவாங்க!"

"சட்டத்தை அப்புறம் திருத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சுவர் குளிர்ந்தா என்ன அர்த்தம்?"

சில்லறை உப்புக் குப்பியைத் தட்டின் நடுவில் வைத்தாள். அது விண்கலம். "கறுப்புத் துணி வெயிலை முழுங்கிடும் மேடம். முழுங்கினா சூடாகும். நம்மமேல வீசின பந்தைக் கையில பிடிச்சுக்கற மாதிரி, அதுக்கு ஒரு தள்ளு உண்டு. சுவர் சூடாகலைன்னா வெயில் உள்ள போகல. வந்த வழியே திரும்பி ஓடியிருக்கு. பந்தை வந்த வேகத்துலயே திருப்பி அடிச்சா நமக்கு ரெண்டு பங்கு தள்ளு. கண்ணாடி மாதிரி ஏதோ ஒண்ணு அங்க இருக்கு. ஆனா நேத்து வெயிலோட தள்ளை ஏத்திப் பார்த்தும் சரியா வரலையே."

"எப்படி வரும்?" என்றார் சூடு. "நீ எல்லாச் சுவருக்கும் சேர்த்து ஏத்தியிருப்ப. ஏத்த வேண்டியது ஒரு சுவருக்கு."

அவள் கணவனை ஒரு கணம் புதிதாகப் பார்த்தாள். "பேசினா நல்லாத்தான் பேசறீங்க."

"எவ்வளவு பெரிய கண்ணாடி?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "குத்துமதிப்பா வேண்டாம். ரெண்டு கிலோமீட்டர் போகணும்னா எவ்வளவு வேணும்?"

அவள் கேன்டீன் காகிதத்தில் எழுதினாள். சூடு எட்டிப் பார்த்து ஓர் இடத்தில் கைவைத்தார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு, பிறகு அந்த இடத்தைத் திருத்தினாள்.

"ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மூணடிக்கு மூணடின்னு வைங்க. பாலிஷ் போட்ட உலோகமா இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் தன் விரல் நுனியைப் பார்த்தார். கழுவியும் போகாத தங்கப் பெயின்ட். எழுந்து வரவேற்பறைக்குப் போனார். செயலர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அளவு நாடாவை எடுத்துப் பிளாஸ்டர் பலகையின்மேல் நீட்டினார்.

அகலம் மூன்றடி. உயரம் மூன்றடி.

பிற்பகல் 3.20.

கட்டுப்பாட்டு அறைக்குத் தலைவர் இரண்டு உரைகளோடும் வந்தார். திருகாணி கதவோரம் நின்றார். சூடு மனைவியின் நாற்காலிக்குப் பின்னால்.

"முடிவுக்கு வந்துவிட்டீர்களா?" என்றார் தலைவர். "எந்த உரை?"

"விசை புதுசு இல்ல சார். வெயில்தான். கணக்கையும் யாரும் கெடுக்கல."

"அப்படியென்றால் விண்கலத்தைத் தள்ளியது யார்?"

"நீங்க."

தலைவர் புன்னகைத்தார், பதக்கம் வாங்கும்போது போட்டோவுக்குத் தரும் அதே புன்னகை.

"ஒன்பது பதினேழுக்கு நாம் அரங்கத்தில் இருந்தோம். அமைச்சரே சாட்சி."

"நீங்க இங்கதான் இருந்தீங்க. உங்க பலகை அங்க இருந்துச்சு." இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்துத் திரும்பினார். "என்ன சார், பசை நல்லாப் பிடிச்சிருக்கா?"

திருகாணி உடைந்துபோனார். "மாமா, நான் அப்பவே சொன்னேன்ல, உள்பக்கமா வெச்சிடலாம்னு. நீங்கதான் பளிச்சுன்னு தெரியணும்னு..."

"சார் என்று கூப்பிடு!"

"சார், நான் அப்பவே சொன்னேன் மாமா!"

பிறகு நடந்ததை இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், வரைபடம் சீல் வைக்கப்பட்ட பிறகு, வரவேற்பறைத் தகடு இறக்கப்பட்டது. பாலிஷ் போடப்பட்டது. விண்கலம் கிளம்புவதற்கு முதல் நாள் அதன் பக்கச் சுவரில், கறுப்புத் துணிக்கு மேலே ஒட்டப்பட்டது. அந்தச் சுவர் அதுவரை இருட்டில் இருந்ததால் யாருக்கும் தொந்தரவில்லை. பதினாறு நாளுக்கு முன் கலம் திரும்பியதும் தலைவரின் பெயர் வெயிலுக்கு வந்தது. வந்த நிமிடத்திலிருந்து விண்கலத்தின் நெஞ்சில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்தது.

"ஒரே தகடு சார். அது சுவரைக் குளிர வெச்சதுக்குப் புருஷனுக்குப் பாராட்டுப் பத்திரம். அதே தகடு கலத்தைத் தள்ளினதுக்குப் பொண்டாட்டிக்கு சஸ்பெண்ட் ஆர்டர்."

"கற்பனை" என்றார் தலைவர். "மேலும் பலகை என்பது கருவி அல்ல. கருவி அல்லாத ஒன்று வரைபடத்தில் வரத் தேவையில்லை. அந்த விதியை எழுதியதே நாம்தான்."

"போட்டுக் காட்டும்மா" என்றார் சூடு.

சில்லறை திரையில் ஒரு வளைவைக் கொண்டுவந்தாள். பதினாறு நாட்களாக விண்கலம் கணக்கை விட்டு விலகியதன் படம். முதலில் தரையோடு ஒட்டி, பிறகு மெல்ல நிமிர்ந்து, கடைசியில் செங்குத்தாக ஏறி இரண்டு கிலோமீட்டரைத் தொட்டது.

"வேற எந்த எண்ணையும் தொடல" என்றாள். "முகப்புல மூணடிக்கு மூணடி தகடு. மேடம் நாடாவுல அளந்த அளவு. அவ்வளவுதான்."

பொத்தானை அழுத்தினாள். கணினி யோசித்தது. வளைவு தலையைத் தாழ்த்தி, முதுகை நீட்டி, முழுவதும் கீழே வந்து கோடாகப் படுத்துக்கொண்டது. பதினாறு நாளில் ஒரு நாளும் முனகவில்லை.

தலைவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்குத் தெரிந்த மனிதர்தான். முப்பது வருடத்துக்கு முன் நிஜமாகவே நல்ல கணக்குப் போட்டவர். கோடு என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "பேர் மட்டும் போட்டிருந்தா? ஒரே வரி?"

சில்லறை தகட்டைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்துப் போட்டாள். "நூத்தெழுபது மீட்டர் மேடம். கேமராவுல பள்ளம் விழுந்திருக்கும்."

"மீதி?"

"பட்டங்கள்."

இன்ஸ்பெக்டர் கைப்பையை மூடினார். "சார், நான் திருட்டுக் கேஸ் பார்க்கிறவ. இங்க எதுவும் திருடு போகல. ஆனா பொய்ப் புகார்னு ஒரு பிரிவு இருக்கு, அது எனக்கு நல்லாத் தெரியும். நாலு மணிக்கு என்ன கையெழுத்துப் போடப் போறீங்கன்னு நின்னு பார்த்துட்டுப் போறேன்."

தலைவர் வலது கை உரையை நான்காகக் கிழித்தார். அதோடு இணைத்திருந்த ஆணையும் கிழிந்தது. இடது கை உரையைக் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு அதையும் கிழித்தார்.

"பலகையைப் பற்றி..." என்று தொடங்கினார். குரல் முதன்முறையாகச் சாதாரணமாக இருந்தது. "வெளியில என்னம்மா சொல்றது?"

"நீங்க என்ன வேணா சொல்லுங்க சார்" என்றாள் சில்லறை. "எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். இந்தக் கலத்துல வரைபடத்துல இல்லாத எது இருந்தாலும், யார் ஒட்டியிருந்தாலும், வெள்ளிக்கிழமைக்குள்ள என்கிட்ட வந்து சொல்லணும். யார்மேலயும் நடவடிக்கை கிடையாதுன்னு நீங்களே மைக்ல சொல்லுங்க. இனிமே எந்தக் கலத்துலயும் என்னைக் கேக்காம ஒரு பொட்டுகூட ஒட்டக் கூடாது."

தலைவர் தலையாட்டினார்.

மாலை 4.00.

சூரிய ஒளியின் தள்ளுவிசையை அளப்பதற்கென்றே இந்த நிறுவனம் தொலைநோக்கோடு பொருத்தி அனுப்பிய ஆய்வுக் கண்ணாடி, இன்று தன் முதல் முடிவை வெற்றிகரமாகத் தந்திருப்பதாகத் தலைவர் அறிவித்தார். பத்திரிகையாளர்கள் கைதட்டினார்கள். கண்ணாடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. பின்வரிசையில் இன்ஸ்பெக்டர் ஒரு பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு ஜீப்புக்குப் போனார்.

யார்மேலும் நடவடிக்கை இல்லை என்ற அறிவிப்பு மறுநாள் காலை ஒலிபெருக்கியில் வந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று சில்லறை நினைத்தாள். பத்து மணிக்கு அவள் அறை வாசலில் வரிசை நின்றது.

வயர் கட்டும் பெண் ஒருத்தி, எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருப்பதாகச் சொல்லி அழுதாள். பெயின்ட் அடிப்பவர் தன் கட்டை விரல் ரேகை ஒன்று வார்னிஷுக்கு அடியில் இருப்பதாகவும், அது வேண்டுமென்றே வைத்தது என்றும் சொன்னார். கேமராப் பிரிவின் மூத்த விஞ்ஞானி, கதவைச் சாத்திவிட்டு, லென்ஸ் மூடியின் உள்பக்கம் தான் ஆதரிக்கும் கால்பந்துக் குழுவின் ஸ்டிக்கர் இருப்பதை ஒப்புக்கொண்டார். திருகாணி இரண்டு முறை வந்தார்.

ஒவ்வொன்றுக்கும் அவள் இடம், அளவு, வெயில் படுமா படாதா என்று கேட்டாள். கணக்குப் போட்டாள். "போங்க, ஒண்ணுமில்ல" என்று அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை வரிசை கரைந்து, கடைசியில் ஒரே ஒருவர் நின்றார்.

"நீங்களா?" என்றாள்.

சூடு உள்ளே வந்து, மற்றவர்களைப் போலவே, எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "வீட்டுல சொல்லலாம்னு பார்த்தேன். இது ஆபீஸ் விஷயமா வீட்டு விஷயமான்னு தெரியல."

"என்ன ஒட்டினீங்க?"

"ஒட்டல. எழுதினேன். பென்சில்ல. பேட்டரிப் பெட்டிக்குக் கீழ, துணிக்கு உள்பக்கம்."

"வெயில் படுமா?"

"படவே படாது."

"சூடு?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

அவள் கணினிப் பக்கம் திரும்பி, விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள். "என்ன எழுதினீங்க?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "உன் பேரு."

விரல்கள் அப்படியே நின்றன. வெளியே யாரோ விளக்குகளை அணைத்துக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.

"பட்டமெல்லாம் போட்டீங்களா?"

"இல்ல. பேரு மட்டும்தான்."

"அப்ப ஒண்ணுமில்ல" என்றாள் சில்லறை. "போங்க."

அவர் போகவில்லை.